மலையின் பெயர் கொண்ட நீதிபதி

1907-ம் ஆண்டு ஆகஸ்டு 3-ந் தேதி. அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு நீதிபதி, ஒரு எண்ணெய்க் கம்பெனிக்கு அபராதம் விதித்தார். தொகை 2 கோடியே 92 லட்சத்து 40 ஆயிரம் டாலர். அதுவரை அமெரிக்காவில் எந்தக் கம்பெனிக்கும் அவ்வளவு பெரிய அபராதம் விதிக்கப்பட்டதில்லை.

கம்பெனி, ராக்பெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில். நீதிபதிக்கு அப்போது 40 வயது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ரயில்வேயில் வேலை கேட்டுப் போய்த் திருப்பி அனுப்பப்பட்டவர். சுருக்கெழுத்தை வைத்துப் பிழைப்பைத் தொடங்கியவர்.

அந்த அபராதத்தில் ஒரு சென்ட்டுகூட வசூலாகவில்லை. ஆனால் அன்று முதல் அவர் பெயர் அந்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. கெனஸா மவுண்டன் லாண்டிஸ் என்பது அந்தப் பெயர்.

நல்ல மனமும் துணிச்சலும் இருந்தால் போதுமா, ஒருவர் நல்ல நீதிபதி ஆகிவிட முடியுமா? லாண்டிஸின் வாழ்க்கை இந்தக் கேள்விக்கு ஒரு பாடம்.

பெயர் வந்த கதை

லாண்டிஸின் தந்தை ஒரு டாக்டர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு ராணுவத்தில் அறுவை சிகிச்சை மருத்துவராகப் பணியாற்றினார். 1864-ம் ஆண்டு ஜூன் மாதம் ஜார்ஜியா மாநிலத்தில் கெனஸா மலை அருகே கடும் சண்டை நடந்தது. அங்கே பீரங்கிக் குண்டு பட்டு அவர் கால் படுகாயம் அடைந்தது.

1866-ம் ஆண்டு நவம்பர் 20-ந் தேதி, ஓஹையோ மாநிலத்தில் மில்வில் என்ற சிற்றூரில் அவருக்கு ஆறாவது குழந்தை பிறந்தது. என்ன பெயர் வைப்பது என்பதில் கணவன் மனைவிக்குள் ஒத்துப்போகவில்லை. கடைசியில் டாக்டர் காயம்பட்ட மலையின் பெயரையே மகனுக்குச் சூட்டினார்கள். மவுண்டன் என்றால் மலை. ஆக, பையனின் பெயரே கெனஸா மலை என்று ஆகிவிட்டது.

குடும்பம் பிறகு இண்டியானா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. பையனுக்கு அல்ஜீப்ரா கணக்கு வரவில்லை. 15-வது வயதில் பள்ளிக்கு முழுக்குப் போட்டார். ரயில்வேயில் பிரேக்ஸ்மேன் வேலை கேட்டுப் போனார். ஆள் மிகச் சிறியவன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒரு உள்ளூர்ப் பத்திரிகையில் வேலை பார்த்தார்.

அந்தச் சமயத்தில் தாமாகவே சுருக்கெழுத்தைக் கற்றுக்கொண்டார். 1883-ல், பதினேழு வயதுகூட நிரம்பாத நிலையில், ஜில்லா கோர்ட்டில் சாட்சிகள் சொல்வதைக் குறிப்பெடுக்கும் வேலை கிடைத்தது. சுருக்கெழுத்து கையில் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அந்த நாட்டிலும் உண்மையாக இருந்தது.

வக்கீல் ஆனார்

கோர்ட்டில் உட்கார்ந்து எழுதியவருக்கு வக்கீல் ஆசை பிறந்தது. அந்தக் காலத்தில் இண்டியானாவில் வக்கீலாகப் பதிவு செய்துகொள்ள எந்தப் பரீட்சையும் தேவையில்லை. வயதும் நன்னடத்தையும் போதும். லாண்டிஸ் பதிவு செய்துகொண்டு ஆபீசும் திறந்தார். கட்சிக்காரர்கள்தான் வரவில்லை.

படிக்காத வக்கீலை யாரும் தேடி வரமாட்டார்கள் என்று புரிந்துகொண்டார். மறுபடி படிக்கப் போனார். விட்ட பள்ளிப் படிப்பையும் முடித்து, சட்டமும் படித்து, 1891-ல் சிகாகோவில் பட்டம் வாங்கினார்.

1893-ல் அதிர்ஷ்டம் அடித்தது. போரில் அவர் தந்தைக்கு மேலதிகாரியாக இருந்த வால்ட்டர் கிரஷாம், அமெரிக்க வெளிநாட்டு மந்திரி ஆனார். பழைய பழக்கத்தை நினைத்து, நண்பரின் மகனைத் தம் அந்தரங்கக் காரியதரிசியாக வாஷிங்டனுக்கு அழைத்துக்கொண்டார். லாண்டிஸுக்கு அப்போது 26 வயது.

1895-ல் கிரஷாம் காலமானார். வெனிசுலா நாட்டுக்குத் தூதராகப் போகும்படி லாண்டிஸுக்கு அழைப்பு வந்தது. அதை மறுத்து, சிகாகோ திரும்பி, வினிபிரட் ரீட் என்ற பெண்ணை மணந்து, வக்கீல் தொழிலைத் தொடர்ந்தார்.

1905-ம் ஆண்டு மார்ச் மாதம் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அவரை மத்திய கோர்ட்டு நீதிபதியாக நியமித்தார். அமெரிக்காவில் மாநிலக் கோர்ட்டுகள் தனி. மத்திய அரசின் கோர்ட்டுகள் தனி. மத்திய கோர்ட்டு நீதிபதியை ஜனாதிபதி நியமிப்பார், செனட் சபை ஒப்புதல் தரும். பிறகு அவருக்கு ஆயுள் முழுவதும் பதவி. லாண்டிஸின் பெயருக்கு ஒரே நாளில் செனட் ஒப்புதல் கிடைத்தது.

வேகனுக்கு ஒரு குற்றம்

ஸ்டாண்டர்டு ஆயில் வழக்கு ரயில் கட்டணம் பற்றியது.

ரயில்வேக் கம்பெனிகள் சரக்குக் கட்டண அட்டவணையை அரசாங்கத்திடம் பதிவு செய்ய வேண்டும். ஒரு மூட்டை அனுப்புகிறவருக்கும் ஆயிரம் மூட்டை அனுப்புகிறவருக்கும் அதே அட்டவணைதான். ஆனால் நடப்பு வேறாக இருந்தது. பெரிய கம்பெனிகள் தனியே பேசி ரகசியச் சலுகை வாங்கின. சிறு வியாபாரிகள் முழுக் கட்டணம் கொடுத்து நொடித்துப் போனார்கள். இந்தச் சலுகையைக் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்று 1903-ல் சட்டம் வந்தது. ஒரு குற்றத்துக்கு ஆயிரம் டாலர் முதல் 20 ஆயிரம் டாலர் வரை அபராதம்.

இண்டியானா ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி, சிகாகோவை அடுத்த வைட்டிங் நகரிலிருந்து செயின்ட் லூயி பக்கம் எண்ணெய் அனுப்பியது. 100 ராத்தலுக்குப் பதிவான கட்டணம் 18 சென்ட்டு. கம்பெனி கொடுத்ததோ 6 சென்ட்டு. மூன்றில் ஒரு பங்கு!

ராக்பெல்லரே நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று லாண்டிஸ் சம்மன் அனுப்பினார். உலகப் பெரும் பணக்காரர் 1907 ஜூலை 6-ந் தேதி கோர்ட்டுக்கு வந்தார். அவரைப் பார்க்கக் கூட்டம் திரண்டது. அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை.

தீர்ப்பு நாளில் லாண்டிஸ் கணக்குப் போட்டார். சலுகைக் கட்டணத்தில் போன வேகன்கள் 1,462. ஒவ்வொரு வேகனும் ஒரு குற்றம். ஒவ்வொன்றுக்கும் உச்ச அபராதம் 20 ஆயிரம் டாலர். அப்படித்தான் 2 கோடியே 92 லட்சத்து 40 ஆயிரம் வந்தது. அல்ஜீப்ரா வராதவர் போட்ட கணக்கு நாட்டையே உலுக்கியது. பொதுமக்கள் அவரைக் கொண்டாடினார்கள்.

ஓராண்டு முடிவதற்குள், 1908 ஜூலையில், அப்பீல் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. பதிவான கட்டணம் இன்னது என்று கம்பெனிக்குத் தெரியுமா என்பதை லாண்டிஸ் விசாரிக்க விடவில்லை; வேகன் வேகனாகக் குற்றத்தை எண்ணியது தவறு; இந்தக் கம்பெனியின் மூலதனமே 10 லட்சம் டாலர்தான், வழக்கில் இல்லாத தாய்க் கம்பெனியை மனதில் வைத்து அபராதம் போட்டிருக்கிறார் என்று மேல்கோர்ட்டு குறை சொன்னது. மறு விசாரணையிலிருந்து லாண்டிஸ் விலகிக்கொண்டார். 1909-ல் கம்பெனி விடுதலை ஆயிற்று.

ஸ்டாண்டர்டு ஆயில் சாம்ராஜ்யம் 1911-ல் உடைக்கப்பட்டது உண்மை. ஆனால் அது வேறு வழக்கில், சுப்ரீம் கோர்ட்டின் உத்தரவால். பொறுமையாகச் சட்டப்படி கட்டிய வழக்கு அது.

தொழிலாளர்களுக்கு 20 ஆண்டு

லாண்டிஸின் இன்னொரு முகம் முதல் உலகப் போரின்போது தெரிந்தது. 1917-ல் அமெரிக்கா போரில் இறங்கியது. லாண்டிஸின் மகன் போர் விமானி.

சுரங்கத்திலும் மரம் வெட்டும் காட்டிலும் வயலிலும் உழைத்தவர்களைச் சேர்த்து உலகத் தொழிலாளர் சங்கம் ஒன்று இயங்கிவந்தது. அதன் தலைவர் பில் ஹேவுட், சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். 1917 செப்டம்பரில் நாடெங்கும் சங்க ஆபீசுகள் சோதனை போடப்பட்டன. போர் முயற்சிக்குத் தடை செய்தார்கள் என்று சொல்லி, நூறு பேர் அளவில் லாண்டிஸின் கோர்ட்டில் நிறுத்தப்பட்டார்கள். விசாரணை 1918 ஏப்ரலில் தொடங்கி ஆகஸ்டு வரை நடந்தது.

அந்த மாதங்களில் லாண்டிஸ் கடுமை காட்டவில்லை. நீதிபதிக்குரிய அங்கியைக்கூட அணியாமல், சாதாரணக் கோட்டில் வந்து உட்கார்ந்தார். கைதிகளிடம் மரியாதையாகவே நடந்துகொண்டார்.

ஜூரர்கள் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்லிவிட்டார்கள். நூறு பேருடைய வாழ்க்கை, நான்கு மாத சாட்சியம், எல்லாரும் குற்றவாளிகள். லாண்டிஸ், ஹேவுட் உள்பட 15 பேருக்கு 20 ஆண்டு சிறை விதித்தார். மற்றவர்களில் பலருக்கு 10 ஆண்டு, 5 ஆண்டு. அபராதம் வேறு. எண்ணெய்க் கம்பெனிக்குக் காட்டிய அதே உச்சக் கையைத் தொழிலாளர்களுக்கும் காட்டினார். ஹேவுட் ஜாமீனில் இருந்தபோது 1921-ல் சோவியத் ரஷ்யாவுக்குத் தப்பினார். 1928-ல் மாஸ்கோவில் இறந்தார். சிறையில் மீந்திருந்தவர்களை 1923 டிசம்பரில் ஜனாதிபதி கூலிட்ஜ் விடுவித்தார்.

அடுத்து, மில்வாக்கி நகரத்து சோஷலிஸ்டு தலைவர் விக்டர் பெர்ஜர் மீது வழக்கு. ஜெர்மன் வம்சத்தாரிடம் நீதிபதி வெறுப்புக் கொண்டவர். வேறு நீதிபதி விசாரிக்க வேண்டும் என்று பெர்ஜர் தரப்பு மனுக் கொடுத்தது. தம் மீதான மனுவைத் தாமே விசாரித்துத் தள்ளுபடி செய்தார் லாண்டிஸ். 1919-ல் பெர்ஜருக்கும் 20 ஆண்டு சிறை. 1921 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது. அந்த மனு வந்தவுடனே லாண்டிஸ் விலகியிருக்க வேண்டும் என்பதே காரணம்.

பேஸ்பால் அழைத்தது

அமெரிக்கர்களுக்கு பேஸ்பால் என்றால் நமக்குக் கிரிக்கெட் மாதிரி. லாண்டிஸும் பெரிய ரசிகர். 1915-ல் பேஸ்பால் முதலாளிகள் மீது ஏகபோக வழக்கு ஒன்று அவர் கோர்ட்டுக்கு வந்தது. தீர்ப்புச் சொல்லாமல் ஓராண்டு அளவு வைத்திருந்தார். அதற்குள் இரு தரப்பும் ராஜியாகிவிட்டார்கள். முதலாளிகள் அதை மறக்கவில்லை.

1919-ம் ஆண்டு வேர்ல்டு சீரிஸ் இறுதிப் போட்டியில், பலம் பொருந்திய சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணி சின்சினாட்டியிடம் தோற்றது. சூதாட்டக்காரர்களிடம் பணம் பேசிக்கொண்டு வேண்டுமென்றே தோற்றார்கள் என்ற உண்மை 1920-ல் வெடித்தது. எட்டு ஆட்டக்காரர்கள் மீது குற்றச்சாட்டு. ரசிகர்கள் நம்பிக்கை இழந்தார்கள்.

பெயரைக் காப்பாற்ற ஒரு பெரிய பெயர் தேவைப்பட்டது. 1920 நவம்பர் 12-ந் தேதி முதலாளிகள் கூட்டமாக லாண்டிஸின் கோர்ட்டுக்கே வந்து, பேஸ்பால் கமிஷனர் பதவியைக் கொடுத்தார்கள். ஆண்டுக்கு 50 ஆயிரம் டாலர் சம்பளம். நீதிபதிச் சம்பளம் 7,500-ஐக் கழித்துக்கொண்டு 42,500 வாங்கினார். ஆட்டத்தின் நன்மைக்கு எது நல்லது என்று அவர் நினைக்கிறாரோ அதைச் செய்யலாம். அவர் முடிவை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகமாட்டோம் என்று முதலாளிகள் எழுதிக் கொடுத்தார்கள்.

குமாஸ்தாவும் கூலியும்

நீதிபதி பதவியையும் அவர் விடவில்லை. இரண்டு பதவியிலும் இருந்தபோது, 1921 தொடக்கத்தில், ஒரு பாங்கிக் குமாஸ்தாவின் வழக்கு வந்தது. பத்தொன்பது வயதுப் பையன். மாதச் சம்பளம் 90 டாலர். விதவைத் தாயையும் சகோதரிகளையும் காப்பாற்ற வேண்டியவன். பாங்கிப் பணம் 96,500 டாலரைக் கையாடிவிட்டதாக ஒப்புக்கொண்டான்.

லாண்டிஸ் அவனைச் சிறைக்கு அனுப்பவில்லை. இவ்வளவு பணத்தைக் கையாளுகிறவனுக்கு இவ்வளவு குறைந்த சம்பளம் கொடுத்த பாங்கி நிர்வாகத்தையே கண்டித்துவிட்டு, பையனை வீட்டுக்கு அனுப்பினார். ஏழைகள் வாழ்த்தினார்கள். வாஷிங்டனில் செனட்டர்கள் ஆத்திரப்பட்டார்கள். இரண்டு சம்பளம் வாங்கும் நீதிபதியைப் பதவி நீக்க வேண்டும் என்று காங்கிரசில் தீர்மானமும் வந்தது. அது மேலே போகவில்லை.

அதே ஆண்டு சிகாகோவில் கட்டடத் தொழிலாளர் கூலித் தகராறு. இரு தரப்பும் லாண்டிஸை மத்தியஸ்தராக ஏற்றார்கள். செப்டம்பரில் அவர் சொன்ன முடிவில் கூலி சராசரியாக எட்டில் ஒரு பங்கு குறைந்தது. சங்கங்களின் பல விதிகளும் வெட்டப்பட்டன. தச்சர்கள் உள்படச் சில சங்கங்கள் ஏற்க மறுத்தன. குமாஸ்தாவின் குறைந்த சம்பளத்தைக் கண்டு கொதித்தவர்தான் கொத்தனாரின் கூலியைக் குறைத்தார்.

அதே செப்டம்பரில் அமெரிக்க வக்கீல்கள் சங்கம் இரட்டைப் பதவியைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. 1922 மார்ச் 1-ந் தேதி முதல் லாண்டிஸ் நீதிபதி பதவியிலிருந்து விலகினார். பதினேழு ஆண்டு கோர்ட்டு வாழ்க்கை முடிந்தது.

அப்பீல் இல்லாத தீர்ப்பு

1921 ஆகஸ்டு 2-ந் தேதி ஜூரர்கள் அந்த ஆட்டக்காரர்களைக் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தார்கள். மறுநாளே லாண்டிஸ் எட்டுப் பேருக்கும் ஆயுள் தடை விதித்தார். தனி விசாரணை கிடையாது.

எட்டுப் பேரில் ஜோ ஜாக்சன் பெரும் ஆட்டக்காரர். தென் கரோலினாவில் சிறு வயதிலேயே பஞ்சாலை வேலைக்குப் போனவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். 5 ஆயிரம் டாலர் வாங்கியதாக ஜூரர்களிடம் ஒப்புக்கொண்டிருந்தார். இன்னொருவர் பக் வீவர். அவர் பணம் வாங்கவில்லை. ஆட்டத்திலும் குறை வைக்கவில்லை. சதி தெரிந்தும் சொல்லவில்லை என்பதே குற்றம். வாங்கியவருக்கும் வாங்காதவருக்கும் ஒரே தண்டனை. 1956-ல் இறக்கும் வரை வீவர் பல முறை மனுப் போட்டார். பலன் இல்லை.

ஆனால் ஆட்டம் பிழைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். சூதாட்டக்காரர்கள் ஒதுங்கினார்கள். பெரிய பெயருக்கு அவர் அஞ்சவில்லை. அனுமதியில்லாமல் வெளியூர்ப் பந்தயங்களில் ஆடினார் என்று, அந்நாளைய உச்ச நட்சத்திரம் பேப் ரூத்தை 1922 பருவத்தில் மே 20 வரை ஆடவிடாமல் நிறுத்தினார். ஏழை ஆட்டக்காரர்கள் பக்கமும் நின்றார். பெரிய கிளப்புகள் இளைஞர்களைச் சிறு அணிகளில் மறைத்துக் கட்டிவைத்திருந்தன. 1938-லும் 1940-லும் அப்படிச் சிக்கியிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களை விடுவித்தார்.

ஒரு கதவு மட்டும் திறக்கவில்லை. பெரிய லீக்குகளில் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு இடமில்லை என்பது அவருக்கு முந்திய காலத்து எழுதாத சட்டம். அவர் பதவியில் இருந்த 24 ஆண்டுகளிலும் ஒரு கறுப்பினத்தவர்கூடப் பெரிய லீக்கில் ஆடவில்லை. 1943 டிசம்பரில் பாடகர் பால் ராப்சன் முதலாளிகள் கூட்டத்தில் பேச லாண்டிஸ் இடம் கொடுத்தார். அப்படி ஒரு தடையே விதிகளில் இல்லை என்பது அவர் நிலை. தடை நீடித்தது. வேகன் வேகனாகக் குற்றத்தை எண்ணியவர், இதைக் குற்றமாக எண்ணவில்லை. அவர் மறைந்து மூன்றாண்டுக்குள், 1947 ஏப்ரலில், ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்காகக் களம் இறங்கினார்.

லாண்டிஸ் 1944 நவம்பர் 25-ந் தேதி, 78-வது வயதில், சிகாகோவில் காலமானார். அடுத்த மாதமே பேஸ்பால் புகழ்க் கூடத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

பின்னால் நடந்தவை

ஆண்டுதோறும் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரப்படும் பரிசுச் சின்னத்தில் அவர் பெயரும் முகமும் இருந்தன. கறுப்பினத்தவர் தடையைக் காரணம் காட்டி 2020-ல் அவை நீக்கப்பட்டன. 2025 மே மாதம், ஆயுள் தடை ஆயுளோடு முடிந்துவிடுகிறது என்று அப்போதைய கமிஷனர் முடிவு செய்து, ஜாக்சன், வீவர் உள்பட அந்த எட்டுப் பேர் மீதிருந்த தடையையும் நீக்கினார். அதைக் கேட்க அவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை.

லாண்டிஸ் லஞ்சம் வாங்கியவர் அல்ல. பணக்காரருக்கு அஞ்சியவரும் அல்ல. மனதில் முதலில் தோன்றியதே நியாயம் என்று நம்பினார். அது சரியாக அமைந்தபோது ஒரு குமாஸ்தாப் பையன் வீடு திரும்பினான். தவறாக அமைந்தபோது மனிதர்கள் சிறையில் கிடந்தார்கள். எண்ணெய்க் கம்பெனிக்கு ஓராண்டுக்குள் மேல்கோர்ட்டு கிடைத்தது. பஞ்சாலைப் பையன் ஜாக்சனுக்குப் போக இடமே இருக்கவில்லை.